உட்கார்ந்து போகிற சுந்தர்ராஜ்

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங் மேசை சுந்தர்ராஜுடையது. அவன் மேசைக்கு ஷூ வந்தால் தையல் மிஷின் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். ஓரத் தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் ஜோடியைத் தூக்கி சிவப்புக் கூடையில் போட்டுவிடுவான். "இவன் பொறந்தப்ப யாருமே செக் பண்ணலியா?" என்று ஒருத்தி முணுமுணுத்தது ஒருநாள் அவன் காதில் விழுந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. ‘பண்ணாங்கம்மா. பண்ணிட்டு, போனாப் போகுதுன்னு பாஸ் போட்டு அனுப்பிட்டாங்க’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

விஷயம் இதுதான். ஆண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் வரும் துவாரம் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே அவனுக்கு இல்லை. கொஞ்சம் பின்னால் தள்ளி, அடிப்பக்கமாக இருந்தது. முன்தோலும் முழுசாக மூடவில்லை. பிரசவம் பார்த்த சைராம்மா குழந்தையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவனுக்கு மலக்குமாருங்களே கத்னா பண்ணி அனுப்பிட்டாங்க" என்று சிரித்தாளாம். தேவதூதர்களே சுன்னத் பண்ணி அனுப்பிவிட்டார்கள் என்பதில் அவன் அம்மா சௌந்தரத்துக்குக் கொஞ்சம் பெருமைகூட. சர்ச்சுக்குப் போகிற குடும்பம்தான் என்றாலும், தேவதூதர்கள் யார் வீட்டுக்கு வந்தாலும் வேண்டாம் என்று சொல்வார்களா?

பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் சுவரைப் பார்த்து நிற்கும்போது, அவன் நின்றால் சுவருக்குப் போகவேண்டியது அவன் செருப்புக்குப் போயிற்று. அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். வேறு ஊராக இருந்தால் பொம்பளை, பொட்டை என்று பெயர் வைத்தே கொன்றிருப்பார்கள். ஆம்பூரில் அவன் தெருவில் பாதிப் பேர் பாய்மார்கள். உட்கார்ந்து போவது அவர்களுக்கு மார்க்க ஒழுக்கம். கூட்டத்தோடு கூட்டமாக அவனும் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தான். இப்படி ஒரு ஊரில் பிறக்கவைத்ததற்காகக் கர்த்தருக்கு அவன் தனியாக ஸ்தோத்திரம் சொன்னதுண்டு.

ஆனால் அந்த ஒழுக்கமே பின்னால் அவனை மாட்டிவிட்டது. தொண்ணூற்று நாலில் சர்ச் ஆண்கள் எல்லாரும் ஏலகிரிக்கு வேனில் போனார்கள். வழியில் வண்டியை நிறுத்த, எல்லாரும் ரோட்டோரம் வரிசையாக நிற்க, சுந்தர்ராஜ் மட்டும் புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். யாரோ பார்த்துவிட்டார்கள். அவன் சாப்பாட்டு நேரமெல்லாம் கூட வேலை பார்க்கிற முக்தார் அகமதுவோடு சுற்றுகிறவன் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் கூட்டிப் பார்த்தார்கள். சுந்தர்ராஜ் மதம் மாறப்போகிறான் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

போதகரே வீட்டுக்கு வந்துவிட்டார். சுந்தர்ராஜின் அண்ணன் எலியாஸ் சர்ச் கமிட்டிச் செயலாளர். அவரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சுந்தர், மனசுல எதாச்சும் குழப்பமா?" என்றார் போதகர்.

"இல்லீங்க ஐயா."

"முதல்ல ஒரு பழக்கம்னுதான் ஆரம்பிக்கும். அப்புறம் தொப்பி வரும்."

உண்மையைச் சொல்வதைவிட மதம் மாறிவிடுவதே சுலபம் என்று அந்த நிமிஷம் அவனுக்குத் தோன்றியது. வாய்க்கு வந்ததைச் சொன்னான். "முட்டி வலி ஐயா. நின்னா வலிக்குது. குந்தினா நல்லாருக்குது."

அப்படி ஒரு முட்டி வலியைப் போதகர் கேள்விப்பட்டதே இல்லை. இருந்தாலும் நல்ல மனிதர். அவன் இரண்டு முட்டியிலும் கை வைத்து உருக்கமாக ஜெபம் பண்ணினார். எலியாஸ் மின்விசிறியைப் பார்த்தபடியே ஆமென் சொன்னார். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவன் முட்டியை விசாரிப்பார். ஒரு பெரியம்மா வேப்பெண்ணெய் கொடுத்தனுப்பினாள்.

முக்தார் அகமது மட்டும் கம்பெனி கேட்டில் மறித்தான். "இன்னா தோஸ்த், எங்க பக்கம் வர்றியாமே? எனக்கே சொல்லாம?"

"வந்தா உன்கிட்ட சொல்லாம வருவேனா பாய்?"

"அதானே. வர்றதா இருந்தா நோன்பு முடிஞ்சப்புறம் வா. உன்னால பசி தாங்கமுடியாது."

கல்யாணப் பேச்சு வேறு ஒரு பேஜாராக இருந்தது. எலியாஸுக்குத்தான் முதலில் பார்த்தார்கள். "நான் ஊழியத்துக்கு ஒப்புக்குடுத்துட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைக் கேட்டு சபையே அவரைக் கும்பிட்டது. சுந்தர்ராஜுக்குப் பொறாமை. அந்தச் சாக்கை அண்ணன் முந்திக்கொண்டுவிட்டார், ஒரு வீட்டில் இரண்டு பேர் ஊழியத்துக்குப் போனால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் அவன் தனக்கென்று சாக்குகள் தயாரித்தான். ஆலங்காயத்துப் பெண் வேண்டாம், மாமியார் வீட்டுக்குப் போகும்போது மலைக்காற்று ஒத்துக்கொள்ளாது. பேரணாம்பட்டுப் பெண் வேண்டாம், பஸ் சரியில்லை. இன்னொரு பெண் கீர்த்தனையில் சுருதி விலகினாள்.

"ஒருத்தனுக்கு ஊழியம், ஒருத்தனுக்கு பஸ்ஸு" என்று சௌந்தரம் தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு ஆம்பளப் புள்ளைங்களப் பெத்து வீட்ல ஒரு மருமக இல்ல."

தொண்ணூற்றாறில் பொன்மலர் எந்தச் சாக்குக்கும் இடமில்லாமல் வந்து சேர்ந்தாள். வேலூர்ப் பெண், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். சுருதி சரியாக இருந்தது. வேலூருக்கு நிமிஷத்துக்கொரு பஸ். பெண் பார்த்த அன்று அவள், "உங்க முட்டி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் கதை வேலூர்வரை போயிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் சுந்தர்ராஜ் தலையாட்டிவிட்டான். வீட்டுக்கு வந்தபிறகுதான் பயம் பிடித்தது.

மறுவாரம் லீவு போட்டு வேலூர் போனான். அவள் வாயால் வேண்டாம் என்று சொல்லவைத்துவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்பது கணக்கு. பஸ்ஸில் முழு நேரமும் பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தான். மத்தியான இடைவேளையில் ஆஸ்பத்திரி கேன்டீனில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"நான் ஒண்ணு சொல்வேன். கேட்டுட்டு நீங்களே வேணாம்னு சொல்லிடணும்."

"குடிப்பீங்களா?"

"ஐயோ, இல்ல."

"வேற பொண்ணு யாராச்சும்?"

"அதெல்லாம் இல்லீங்க." ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. "வீட்ல குழாய் இருக்குதுல்ல. அது முனையிலதானே திறக்கணும்? சிலதுல முனைக்கு முன்னாடியே, அடிப்பக்கமா..."

"உங்க வீட்ல தண்ணிப் பிரச்சனையா? ஆம்பூர்ல எல்லார் வீட்லயும் இருக்கறதுதானே."

"வீட்டுக் குழாய் இல்லீங்க." அவன் முகம் மிளகாய் போலச் சிவந்துவிட்டது. "பொறப்புலயே..."

பொன்மலர் காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "ஹைப்போஸ்பேடியாஸா?"

தன்னுடைய விஷயத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். யாரோ வெளிநாட்டுத் துரையின் பெயர்போல இருந்தது.

"நான் குழந்தைங்க சர்ஜரி வார்டுல இருக்கேன்" என்றாள் அவள். "எங்க வார்டுக்கு அதுதான் ரொம்ப வரும். முந்நூறு பசங்களுக்கு ஒருத்தன்னு வச்சுக்குங்களேன்." பிறகு வார்டில் கேட்கும் அதே குரலில், அதே சத்தத்தில், இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். பக்கத்து மேசைக்காரர் தோசையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சுந்தர்ராஜ் தட்டைப் பார்த்தபடியே ஆமாம், இல்லை, ஆமாம் என்று பதில் சொன்னான்.

"அவ்ளோதானா? இதுக்கா லீவு போட்டு வந்தீங்க?" என்றாள். "குழந்தை பொறக்கறதுக்கெல்லாம் இது ஒண்ணும் தடை இல்ல. காபியக் குடிங்க, ஆறுது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, லேசாக ஏமாற்றமாகவும் இருந்தது. இத்தனை வருஷமாக உலகத்திலேயே தனக்கு ஒருத்தனுக்குத்தான் இப்படி என்று நினைத்திருந்தான். முந்நூறில் ஒன்று என்றால் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலேயே நாலு பேர் நிற்பார்கள். அந்த ஒரு பெருமையும் போய்விட்டது.

கல்யாணம் ஆயிற்று. பொன்மலர் அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள். ஆபரேஷன் பண்ணலாம், பண்ணாமலும் இருக்கலாம், உங்கள் இஷ்டம் என்றார் டாக்டர். "இவ்ளோ வருஷம் உட்கார்ந்தாச்சு, இனிமே நின்னு இன்னா சாதிக்கப்போறேன்?" என்று சுந்தர்ராஜ் வீரமாகச் சொன்னான். அவனுக்கு ஊசி என்றாலே மயக்கம் வரும் என்பது பொன்மலருக்குத் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

தொண்ணூற்றெட்டில் ஷாஜின் பிறந்தான். உள்ளே போன சுந்தர்ராஜிடம் பொன்மலர் களைத்த குரலில், "அப்படியே உங்கள மாதிரி" என்றாள்.

"மூக்கா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவனுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. நின்றவன் சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

தன்னைப் பற்றி எத்தனை கேலி வேண்டுமானாலும் அவனுக்கு வரும். அந்தப் பச்சைக் குழந்தையைப் பற்றி ஒன்றுகூட வரவில்லை. அப்பன் என்று பிள்ளைக்குக் கொடுத்த முதல் சொத்து இதுதானா என்று அழுதான். பிறகு யார்மேலாவது பழியைப் போடவேண்டியிருந்தது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் டேனரித் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு கட்டினான். டாக்டரிடம் போய்க் கேட்டான். ரசாயனங்கள் மேல் சந்தேகம் உண்டு, ஆனால் இன்னதுதான் என்று யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார் அவர். "டேனரியே இல்லாத ஊர்லயும் பொறக்குதுங்க" என்றார். சுந்தர்ராஜுக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை.

ஒரு வயசு தாண்டியதும் ஷாஜினுக்கு ஆபரேஷன் நடந்தது. ஒரு இடத்தில் கசிந்ததால் மறுவருஷம் இன்னொரு சின்ன ஆபரேஷன். அதோடு சரியாகிவிட்டது. பையன் எல்லாரையும்போல நின்று போனான். பிள்ளை ஒன்றுக்குப் போவதைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட அப்பன் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்தன்தான் என்று சுந்தர்ராஜ் பொன்மலரிடம் சொன்னான். கேலி திரும்பி வந்துவிட்டது என்று அவளுக்கு நிம்மதி.

இரண்டாயிரத்து ஐந்தில் பொன்மலர் ஒரு சேதி கொண்டுவந்தாள். டாக்டர் பாரதி என்று ஒரு இளம் டாக்டர் இந்த மாதிரிப் பிறவிக் குறைகளுக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறாராம். ஒரே குடும்பத்தில் ஒருத்தருக்கு மேல் இருந்தால் அவர்கள் ரத்தம் வேண்டுமாம். சுந்தர்ராஜும் ஷாஜினும் போனார்கள். ரத்தம் எடுக்கும்போது பையன் சும்மா இருந்தான், அப்பன் மயங்கி விழுந்தான்.

அவன் தெளிந்து எழுந்ததும் டாக்டர் பாரதி கேட்டார்: "கூடப் பிறந்த ஆண்கள் இருக்காங்களா?"

"ஒரு அண்ணன். ஆனா அவரு சுத்தமா இருக்காரு டாக்டர். ஊழியக்காரரு."

"பிரச்சனை இல்லாதவங்க ரத்தமும் வேணும். ஒப்பிட்டுப் பார்க்க."

அண்ணனிடம் போய்ச் சொல்வதா? எலியாஸ் மாதிரி ஒரு மனிதரிடம், கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா வீட்டுக்குப் போனான். எலியாஸ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சௌந்தரம் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்த ஆஸ்பத்திரியில ஒரு ஆராய்ச்சி..."

"சொல்லு."

"எனக்குப் பொறப்புலயே ஒரு சின்ன இது இருந்துச்சு. உனக்குத் தெரியாது. ஷாஜினுக்கும் அதான் ஆபரேஷன். உனக்கு ஒண்ணும் இல்ல, அது எனக்குத் தெரியும். சும்மா ஒப்பிட்டுப் பார்க்கத்தான்..."

எலியாஸ் பேப்பரை இறக்கவில்லை. சௌந்தரம் கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவனுக்கு எப்படி இல்லாமப் போவும்? அவனுக்கும்தான் ஒரு பக்கம் கொட்டை எறங்கவே இல்ல."

"அம்மா" என்றார் எலியாஸ். கோபமா, கெஞ்சலா என்று தெரியாத குரல்.

"இன்னாடா அம்மா? சைராம்மா அப்பவே சொன்னா, வளந்தா எறங்கும்னு. எறங்கல. உனக்கு எறங்கல, இவனுக்கு ஓட்டை எடம் மாறிப்போச்சு."

"ரெண்டு பேருக்கும் இருக்குதுன்னு எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்று சுந்தர்ராஜ் கத்தினான்.

"நீங்க கேட்டீங்களா? ஒருத்தன் குளிக்கறப்ப கதவு தாழ்ப்பாள் மேல தாழ்ப்பாள் போடறான். இன்னொருத்தன் புதர் தேடி ஓடறான். ஒருத்தனுக்கொருத்தன் தெரியக்கூடாதுன்னு நெனைக்கறீங்கன்னு நான் வாயத் தொறக்கல."

"அப்பாவுக்கு?" என்றார் எலியாஸ் மெதுவாக.

"அந்த மனுஷனுக்கு இன்னா இருந்துச்சோ. இருட்டுல நான் இன்னாத்தக் கண்டேன்?"

முதலில் சிரித்தது எலியாஸ்தான். அண்ணன் அப்படிச் சிரித்து சுந்தர்ராஜ் பார்த்ததே இல்லை. பேப்பர் கீழே விழுந்தது. கழுத்துப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். ஒரே அறையில் படுத்து, ஒரே பாத்ரூமில் குளித்து வளர்ந்த இருவர், தன்னை மட்டும்தான் கடவுள் அவசரத்தில் செய்துவிட்டார் என்று தனித்தனியே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஊர் உலகத்துத் தையலையெல்லாம் கண்டுபிடிக்கிற தனக்கு, சொந்த அண்ணன் ஏன் கல்யாணம் வேண்டாம் என்றார் என்பது கண்ணில் படவில்லையே என்று சுந்தர்ராஜ் தன் மேலேயே வெட்கப்பட்டான்.

இருவரும் சேர்ந்து வேலூர் போனார்கள். டாக்டர் பாரதி எலியாஸை ஸ்கேனுக்கு அனுப்பினார். இறங்காத விதை இடுப்பு மடிப்புக்கு மேலே உள்ளேயே இருந்தது. அப்படியே விட்டால் பின்னால் புற்றுநோய் வர வாய்ப்பு மற்றவர்களைவிட ஜாஸ்தி என்பதால் எடுத்துவிடச் சொன்னார்கள். எடுத்தார்கள். பரிசோதனையில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "இன்னொண்ணு நல்லாவே இருக்கு சார். நீங்க கல்யாணம் பண்ணியிருக்கலாமே?"

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சுந்தர்ராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. பொன்மலருக்குத் தெரிஞ்ச ஒரு டீச்சர்..."

"வேணாம்டா." டீயை ஆற்றினார். "ஊழியம்னு சொன்னது முதல்ல பொய்தான். பயத்துல சொன்னேன். சொல்லிட்டமேன்னு செய்ய ஆரம்பிச்சேன். எப்பவோ அது நெஜமாவே ஆயிடுச்சு. இப்ப அதை விட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?" பஸ்கள் பக்கம் திரும்பினார். "ஆனா யாராச்சும் அப்பவே சொல்லியிருக்கலாம்."

சுந்தர்ராஜ் இரண்டு டீக்கும் காசு கொடுத்தான்.

ஆராய்ச்சி முடிவு வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. குடும்பத்தின் வில்லன் யார் என்று பெயரோடு சொல்லிவிடுவார்கள் என்று சுந்தர்ராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு போனான்.

"உங்க மூணு பேருக்கும் ரெண்டு எடத்துல சின்ன மாத்தம் இருக்கு" என்றார் டாக்டர் பாரதி. "ஆனா குறையே இல்லாத நிறையப் பேருக்கும் அதே மாத்தம் இருக்கு. அது மட்டும் இருந்தா வராது. இன்னும் எது எதுவோ கூடச் சேரணும். அதெல்லாம் என்னென்னன்னு இன்னும் தேடிட்டிருக்கோம்."

"அப்ப யாரு தப்பு டாக்டர்?"

"யார் தப்பும் இல்ல. உங்க வம்சத்துல ஆண் குழந்தை பொறந்தா உடனே காட்டுங்க. அவ்வளவுதான்."

இவ்வளவு ரத்தம் கொடுத்து, ஒரு தடவை மயங்கியும் விழுந்து, கடைசியில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்ற பதிலா என்று சுந்தர்ராஜ் வீட்டில் புலம்பினான். எலியாஸ் புலம்பவில்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிக்கும்போது, ஆண்கள் கூட்டம், பாடகர் பயிற்சி எல்லாம் சொல்லிவிட்டு, அதே குரலில் தொடர்ந்தார்: "ஆண் குழந்தை பிறந்தால் டாக்டரிடம் முழுசாகக் காட்டுங்கள். விதை இறங்கியிருக்கிறதா, துவாரம் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கும் என் தம்பி சுந்தர்ராஜுக்கும் அப்படிக் காட்டவில்லை."

சபையின் எல்லாத் தலைகளும் திரும்பின. சுந்தர்ராஜ் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தான். போதகர் அவன் முட்டியைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார், பிறகு ஆசீர்வாதத்தை வேகமாகச் சொல்லி முடித்தார்.

திங்கட்கிழமை கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முக்தார் அகமது வீட்டுக்கு வந்தான். கூடவே பேரணாம்பட்டிலிருந்து அவன் தங்கை, இடுப்பில் கைக்குழந்தை. முக்தார் வழக்கம்போல கேலி பண்ணவில்லை.

"தோஸ்த், என் தங்கச்சி புள்ளைக்கும் அதேதான் போலருக்குது. வர்ற வாரம் கத்னாவுக்கு ஏற்பாடு பண்ணியிருக்காங்க."

பொன்மலர் குழந்தையை உள்ளே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கத்னா இப்ப வேணாம் பாய். அந்தத் தோல் ஆபரேஷனுக்கு வேணும். இப்ப வெட்டிட்டா டாக்டருக்குத் தைக்கத் தோல் கிடைக்காது. ஆபரேஷன்லயே ரெண்டும் முடிஞ்சிடும்."

மறுநாள் எல்லாரும் வேலூர் பஸ் ஏறினார்கள். சுந்தர்ராஜ் ரத்தம் எடுக்கிற அறைப் பக்கம் மட்டும் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் கூடவே போனான். டாக்டர் பாரதி குழந்தையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது உங்க சொந்தமா?"

சுந்தர்ராஜ் முக்தாரைப் பார்த்தான். முக்தார் தோளைக் குலுக்கினான்.

"நம்ம ஆளுதான் டாக்டர்" என்றான் சுந்தர்ராஜ்.